நாலு இட்லியும் ஒரு பக்க அறிக்கையும்

ஜூன் 3, திங்கள்

ஒசூர் வந்து சேர்ந்தாயிற்று. ஆரணியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தெருவில் நின்று டீ குடிக்கிறார்கள். விடுதி அறையில் ஜன்னல் சரியாகச் சாத்துவதில்லை. பழைய துப்பட்டாவை இடுக்கில் திணித்திருக்கிறேன்.

எம்.பி.ஏ. படிப்பவர்களுக்கு ஒரு மாதம் கம்பெனிப் பயிற்சி கட்டாயம். என் கம்பெனி வண்டிகளுக்கு பிரேக் ஹோஸ், அதாவது பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாய், செய்கிறது. மார்க்கெட்டிங் கொடுப்பார்கள், போனால் போகிறதென்று நிதிப் பிரிவாவது கொடுப்பார்கள் என்று நினைத்தேன். கொடுத்தது கேன்டீன்.

ஆலைத் தலைவர் சக்கரபாணி சார் நின்றுகொண்டே பேசுகிற மனிதர். நம்மையும் உட்காரச் சொல்வதில்லை.

"காலை டிபன்ல பாதி கழிவுத் தொட்டிக்குத்தான் போவுது. ஏன்னு பாத்து அறிக்கை குடும்மா. மாசக் கடைசியில கேன்டீன் கான்ட்ராக்ட் முடியுது. சமையல் சரியில்லன்னா பெங்களூர் கேட்டரிங்காரங்களுக்குக் குடுத்துடலாம்னு இருக்கோம்."

இப்போது நடத்துவது பக்கத்து ஊர்ப் பெண்கள் குழு. ஆறு பேர். அவர்கள் இருப்பதும் போவதும் நான் எழுதப்போகும் அறிக்கையில் இருக்கிறதாம். அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்துவிட்டது.

ஜூன் 4, செவ்வாய்

கேன்டீனுக்குப் போனேன். குழுத் தலைவி முனிரத்னம்மா அக்கா கரண்டியும் கையுமாக வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கள எடுக்கறதுக்கு வந்த பொண்ணு நீதானா?"

"இல்லக்கா, நான் அறிக்கை எழுத வந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். உக்காரு, மொதல்ல சாப்பிடு."

நாலு இட்லி, நிலக்கடலைச் சட்னி. இட்லி பஞ்சு மாதிரி இருந்தது. எங்கள் அம்மா இதைப் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்: அம்மா இட்லியைவிட நன்றாக இருந்தது.

எட்டரை மணிக்கு மணி அடித்தது. இருபது நிமிட இடைவேளை. மறு மணி அடித்ததும் எல்லாரும் கிளம்பினார்கள். தொட்டியை எட்டிப் பார்த்தேன். பாதி என்று சார் சொன்னது கொஞ்சம் அதிகம், ஆனாலும் மனசு கேட்கவில்லை. வெள்ளை வெள்ளையாக முழு இட்லிகள்.

"போன வருசம் வரிக்கும் இப்டி இல்லம்மா" என்றார் அக்கா. "அரிசிய மாத்திப் பாத்தேன். உளுந்த கூடப் போட்டுப் பாத்தேன். எங்க வீட்டுக்காரரு கடைக்காரன் மேல பழி போடறாரு. எனக்கென்னமோ என் கையிலதான் ஏதோ போயிடுச்சின்னு தோணுது."

குறிப்பேட்டில் 'சுவை?' என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

ஜூன் 6, வியாழன்

வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, படிவம் போட ஒரு பெட்டி வைத்துக் கருத்துக் கேட்பு நடத்தினேன். அருமையான படிவம், நானே கோடு போட்டது. சுவை, சூடு, சுத்தம், அளவு. எல்லாருமே 'மிக நன்று' என்று டிக் அடித்துவிட்டார்கள். மிக நன்றான இட்லியை ஏன் கொட்டுகிறார்கள் என்பதற்கு என் படிவத்தில் கட்டமே இல்லை. 'பிற ஆலோசனைகள்' பகுதியில் வந்தவை: பூரி போடவும். வாரம் ஒரு நாள் பூரி போடவும். சம்பளம் உயர்த்தவும். அக்கா நல்லவங்க.

என் பக்கத்து மேசைக்காரர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். பெயர் இளம்பரிதி, உற்பத்தித் திட்டமிடல் பிரிவு. தனி அறை இல்லாததால் என்னை அவர் அறையில் ஒரு ஓரமாகப் போட்டிருக்கிறார்கள்.

"பெட்டிய எங்க வெச்சீங்க?"

"கேன்டீன் வாசல்ல, சார்."

"அக்கா எங்க நின்னாங்க?"

"பெட்டிக்குப் பக்கத்துல."

"கரண்டியோடயா?"

ஆமாம், கரண்டியோடுதான். அவர் சிரிக்காமல் இருக்க ரொம்ப முயற்சி செய்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. கேட்காமல் யோசனை சொல்கிறவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. மஞ்சள் சட்டை வேறு. மஞ்சள் அவருக்கு எடுக்கவில்லை.

மேசையில் ஒரு கேடயம் வைத்திருக்கிறார். போன வருடம் எல்லாப் பிரிவுக்கும் ஒரே இடைவேளை என்று மாற்றி மின்சாரத்தை மிச்சப்படுத்தியதற்காகக் கொடுத்ததாம். தினமும் துடைக்கிறார்.

ஜூன் 10, திங்கள்

புதன்கிழமைக்குள் முதல் வரைவு வேண்டுமாம். கல்லூரியில் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரோ எண்பது பக்கத்துக்குக் குறையக்கூடாது என்கிறார். என்னிடம் இருப்பது 'பூரி போடவும்'.

கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் எல்லா சீனியர்களின் அறிக்கையும் கிடைக்கும். கடைக்கார அண்ணன் போனிலேயே அனுப்பிவைத்தார். இதைத் திருட்டு என்று சொல்லக்கூடாது. எங்கள் துறையில் இது பரம்பரைச் சொத்து, எல்லாரும் அனுபவிப்பது. ரஞ்சனி அக்கா ஷூ கம்பெனியில் செய்த தர ஆய்வு எனக்கு அமைந்தது. கம்ப்யூட்டரிடம் சொன்னேன்: 'ஷூ' வருமிடமெல்லாம் 'இட்லி', 'தோல்' வருமிடமெல்லாம் 'மாவு'. கண் மூடித் திறப்பதற்குள் மாற்றிக் கொடுத்தது. எண்பத்து நான்கு பக்கம், ஆங்கிலத்தில், பொருளடக்கத்துடன்!

அப்பாவுக்குப் போன் செய்து முடித்துவிட்டேன் என்று சொன்னேன். "எம் பொண்ணா கொக்கா" என்றார்.

ஜூன் 12, புதன்

கொக்குதான். தலையில் வெண்ணெய் வைத்துப் பிடித்துவிட்டார்கள்.

சக்கரபாணி சார் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்தார். நின்றபடி ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாசிக்க ஆரம்பித்தார்.

"'இட்லியின் தையல் பிரிவதே வாடிக்கையாளர்களின் முதன்மைக் குறை.' ம். 'மழைக்காலத்தில் இட்லிக்குள் தண்ணீர் புகுகிறது.' சரி, சாம்பார்னு வெச்சுக்கலாம். 'இடது இட்லியும் வலது இட்லியும் ஒரே அளவில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.'"

அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"'பள்ளிக் குழந்தைகளுக்கான கறுப்பு இட்லிக்கு ஜூன் மாதத்தில் நல்ல கிராக்கி.' ஏம்மா, நீ எட்டாம் நம்பர் இட்லி போடுவியா, ஏழாம் நம்பரா?"

இளம்பரிதி மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துவிட்டார். முதுகு குலுங்கியது. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். "இந்த மாதிரி அறிக்கைய நம்பி ஆறு பேரு பொழப்ப முடிவு பண்ணச் சொல்றியாம்மா?" என்றார். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கேன்டீன் கமிட்டி கூடுது. ஆபரேட்டருங்களும் வருவாங்க. தமிழ்ல எழுது. நீ பாத்தத எழுது."

ஜூன் 13, வியாழன்

தலைக்குக் குளித்தேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 14, வெள்ளி

நீ பாத்தத எழுது என்றாரே, நான் எதைப் பார்த்தேன்? இன்று படிவம், பேனா எதுவும் இல்லாமல் கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒவ்வொருவரும் தட்டைக் கவிழ்க்கும்போது குனிந்து பார்த்தேன். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இப்படிப் பார்க்க மாட்டார்கள். சிலர் வெட்கப்பட்டுப் பாதியில் திரும்பி, மிச்சத்தையும் தின்றுவிட்டு வந்தார்கள்.

முதலில் வந்த தட்டுகள் எல்லாம் காலி. கறிவேப்பிலை மட்டும். கடைசியில், மணி அடிக்கிற நேரத்தில் வந்த தட்டுகளில்தான் இட்லி விழுந்தது. விழுந்த இட்லிகளை உற்றுப் பார்த்தேன். ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் நிறத்தில் விரல் தடம்! வெள்ளை இட்லியில் பெருவிரல், ஆள்காட்டி விரல், ரேகை தெரிய.

ரப்பர் பிரிவு! அங்கேதான் ரப்பரில் கலக்கும் கார்பன் தூள். அவர்கள் கை முழங்கை வரைக்கும் கறுப்பாக இருக்கும்.

போனில் படம் எடுத்தேன். முனிரத்னம்மா அக்கா, பொண்ணுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று மற்றவர்களிடம் தெலுங்கில் சொன்னார். இப்படி ஒரு சந்தோஷம் எனக்குப் பரீட்சை ரிசல்ட்டில்கூட வந்ததில்லை.

ஜூன் 15, சனி

எட்டரை மணிக்கு ரப்பர் பிரிவு வாசலில் நின்றேன். மணி அடித்தது. பாகங்களைப் பொருத்துகிற அசெம்பிளி ஆட்கள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகக் கேன்டீனுக்கு ஓடினார்கள். ரப்பர்காரர்கள் குழாயடிக்கு ஓடினார்கள். சோப்புத் தூள் போட்டுத் தேய்க்கிறார்கள், தேய்க்கிறார்கள், போகிறதா அந்தக் கறுப்பு? அரைகுறையாகக் கழுவிக்கொண்டு போனால் வரிசை கேன்டீன் வாசலைத் தாண்டி நிற்கிறது. தட்டு கைக்கு வரும்போது இடைவேளை முடியப்போகிறது. பரிமாறுகிறவர்கள் கேள்வி கேட்பதில்லை, ஆளுக்கு நாலு. இரண்டு உள்ளே போவதற்குள் மணி.

"ரெண்டே ரெண்டு வாங்கிக்கலாமே அண்ணா?" என்று ஒருவரைக் கேட்டேன்.

"வேலைக்குப் போற ஆம்பளைக்கு ரெண்டு இட்லியா? அக்கா வெக்குமா? நேரம் இருந்தா ஆறு தின்பேன் மேடம்."

ஆக, சமையலில் ஒன்றும் இல்லை. போன வருடம் வரைக்கும் ரப்பர் பிரிவுக்குத் தனி இடைவேளை இருந்ததாம். எல்லாருக்கும் ஒரே மணி என்று ஆன பிறகுதான் இது.

ஒரே மணி. அதை யார் கொண்டுவந்தது என்பது எனக்குத் தெரியும்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. மூன்று வாளித் துணி துவைத்தேன். பக்கத்து அறைப் பெண் பிரியாணி கொடுத்தாள். நாள் முழுக்க எழுதினேன். கம்பெனி வரலாறு, இட்லியின் வரலாறு, இந்தியாவில் கேன்டீன்களின் வளர்ச்சி, ஆய்வு முறை, ஆய்வின் எல்லைகள். சொந்தமாகவே எழுதினேன்.

முக்கியமான விஷயம் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் வருகிறது. அது அங்கே வருவதுதான் முறை. அந்த மனிதர் இன்றும் நினைவுக்கு வந்து தொல்லை செய்தார், அந்தக் கேடயத்தோடு. அவரைப் பற்றிக் கவலைப்பட எனக்கு என்ன தலையெழுத்து.

ஜூன் 19, புதன்

எழுத்துப் பிழை பார்க்க யாரும் கிடைக்கவில்லை. அதனால்தான் இளம்பரிதி சாரிடம் கொடுத்தேன். மதியம் முழுக்கப் படித்தார். நான் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாப்பத்து மூணாம் பக்கத்துல ஒரு வரி இருக்கு" என்றார். வாசித்தார். "'இடைவேளை நேர ஒழுங்கமைப்பும் ஒரு காரணியாக இருக்கக்கூடும் என்று கருதவும் இடமுண்டு.' இது நான் போட்ட டைம்தானே?"

நான் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

"தொட்டி பக்கத்துல நின்னு நீங்க கண்டுபிடிச்சது இதானே?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு இத இங்க பொதைச்சு வெச்சிருக்கீங்க?"

"உங்களுக்கு அதுக்குத்தானே கேடயம் குடுத்தாங்க" என்றேன். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஜலதோஷம்.

அவர் கேடயத்தைப் பார்த்தார். முகம் வாடித்தான் போயிற்று, அதை மறைக்கவும் இல்லை. "நான் மெஷினுங்கள மட்டும்தான் கணக்குல எடுத்தேன்" என்றார். "கை கழுவுறத யோசிக்கவே இல்ல." பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "சக்கரபாணி சார் நின்னுக்கிட்டே படிக்கிறவரு. மொதப் பக்கத்துக்கு மேல பொரட்ட மாட்டாரு. நீங்க கண்டுபிடிச்சது, என்ன செய்யணும், அந்த விரல் தடம் போட்டோ. மூணும் மொதப் பக்கத்துல வரணும். இட்லியோட வரலாறு வேணாம்."

"பல்லவர் காலம் வரைக்கும் போய்ட்டு வந்திருக்கேன்."

"பல்லவருங்கள பின்னிணைப்புல போடுங்க."

சாயங்காலம் வரைக்கும் சண்டை. நான் 'ஆய்வின் வாயிலாக அறியவருவது யாதெனில்' என்று தொடங்கினால் அவர் அடிக்கிறார். 'யாதெனில்' எடுத்துவிட்டால் அறிக்கைக்கு மரியாதை போய்விடும் என்றேன். அக்காவுக்குப் புரியணுமா, மரியாதை வேணுமா என்றார். அது ஒன்றுதான் அவர் உருப்படியாகக் கேட்டது. அடித்துவிட்டேன். 'இளம்பரிதி' என்று எங்கேயும் எழுதமாட்டேன் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அறிக்கை மணியைப் பற்றியது, மனிதர்களைப் பற்றியது அல்ல.

கடைசியில் ஒரு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் நான் பேசுவது மாதிரியே இருந்தது. இன்று முழுக்க 'சார்' போட மறந்திருக்கிறேன். அவர் கவனித்திருக்க மாட்டார்.

ஜூன் 21, வெள்ளி

கமிட்டி. முனிரத்னம்மா அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். கதவு மூடும்போது என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையோடுதான் உள்ளே போனேன்.

சக்கரபாணி சார் நின்றுகொண்டே படித்தார். ஒரு பக்கம்தான். படத்தில் வந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ரப்பர் பிரிவு ஆபரேட்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், அது என் வெரலு" என்றார். விரலிலும் படத்திலும் ஒரே தழும்பைக் காட்டினார். அறையே சிரித்தது.

பிறகு சார் கேட்டார்: "இந்த ஒரே மணி ஏற்பாடு நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே இருக்குதே, போட்டது யாரு?"

அறிக்கையில் பெயர் இல்லை. நான் தரையைப் பார்த்தேன். பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நான்தான் சார். ரப்பர் பிரிவை மட்டும் பத்து நிமிசம் முன்னாடி விடலாம். மெஷின் ஓட்டத்துக்குப் புது அட்டவணை போட்டு வெச்சிருக்கேன்."

சார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பக்கத்தைப் பார்த்தார். "ஒரு வாரம் செஞ்சு பாருங்க. தொட்டி கொறைஞ்சா கான்ட்ராக்ட் இவங்களுக்கே. கொறையலன்னா பெங்களூர்."

வெளியே வந்து அக்காவிடம் ஒரு வாரம் என்று மட்டும் சொன்னேன். இளம்பரிதிக்கு நீலச் சட்டை நன்றாக இருக்கிறது. இதைப் பொதுவாகக் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

முதல் நாளே சொதப்பல். ரப்பர்காரர்கள் சீக்கிரம் வந்துவிட்டார்கள், இட்லி இன்னும் வேகவில்லை, வெந்து தட்டுக்கு வருவதற்குள் மணி. அசெம்பிளிக்காரர்கள், "அவங்க என்ன மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா, முன்னாடி பந்தி?" என்று கேட்டார்கள். தொட்டி வழக்கத்தைவிட அதிகமாக நிறைந்தது. எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

அக்கா அடுப்பை முன்னாலேயே பற்றவைத்துவிட்டார். அசெம்பிளிக்காரர்களிடம் இளம்பரிதி போய், வரிசை பாதியாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உட்கார்ந்து! இத்தனை நாள் நின்றபடிதான்.

தொட்டியில் கொஞ்சம்தான்.

ஜூன் 27, வியாழன்

இட்லி பற்றவில்லை! ரப்பர்காரர்கள் ஆறு ஆறாகக் கேட்கிறார்கள். அக்கா உப்புமா கிளறி நிலைமையைச் சமாளித்தார். முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண வீட்டில் சாம்பார் தீர்ந்ததுபோல் ஒரு பெருமையான கவலை.

மதியம் வாசலில் ஒரே கூச்சல். தினமும் தொட்டியை எடுத்துப்போகிற மாட்டுக்காரர். "எவம்மா அந்த ரிப்போட்டு எழுதன பொண்ணு? எம் மாடு மூணு நாளா பட்டினி கெடக்குது!" நான் இளம்பரிதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் முதுகு மறுபடி குலுங்கியது. இந்த முறை எனக்கும்தான்.

வழிகாட்டிப் பேராசிரியரிடம், அறிக்கை ஒரு பக்கம் என்று சொன்னேன். மீதி எழுபத்தொன்பதுக்கு என்னம்மா செய்வாய் என்றார். பல்லவர்கள் இருக்கிறார்கள் என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

நாளை முடிவு தெரியும். ஞாயிறு ஊருக்குக் கிளம்பும் முன் மலைக்கோயிலைப் பார்க்க ஆசை, ஆனால் வழி தெரியாது என்று இளம்பரிதியிடம் சொன்னேன். கோயில் எங்கள் ஆபீஸ் அறை ஜன்னலிலேயே தெரிகிறது. அவர் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "ஆமா, கொஞ்சம் குழப்பமான வழிதான்" என்றார்.

ஜூன் 29, சனி

சக்கரபாணி சார் கேன்டீனுக்கு வந்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கறிவேப்பிலையும் மிளகாயும் மட்டும். "இன்னும் ரெண்டு வருசம் நீங்களே நடத்துங்கம்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, முதல்முறையாக உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பெண்கள் கத்திய கத்தலில் அசெம்பிளியிலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். எனக்கும் கண்ணில் நீர். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் இது வெங்காயம் இல்லை, சந்தோஷம்தான்.

கூட்டம் கலைந்ததும் முனிரத்னம்மா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அப்டி இன்னாதான் எழுதன? படி கேப்போம்."

பையிலிருந்து அந்த ஒரு பக்கத்தை எடுத்தேன். இளம்பரிதியும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். முதல் வரியை வாசித்தேன்.

"'காலைச் சிற்றுண்டி வீணாவதற்குச் சமையல் காரணம் அல்ல, சமையல் நன்றாக இருக்கிறது.'"

ஒரு வருடமாக அரிசியை மாற்றி, உளுந்தை மாற்றி, தன் கையையே சந்தேகப்பட்ட மனுஷி. அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இத சாரு படிச்சாரா?"

"படிச்சாருக்கா. எல்லார் முன்னாடியும்."

"எத்தினியாவது பக்கத்துல இருக்குது?"

"மொதப் பக்கம். மொத வரி."

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன். "இரு, நாகு தண்ணி புடிக்கப் போயிருக்கா, வரட்டும்" என்றார். குழுவில் ஒருத்தியான நாகு வந்தாள், அவளுக்காகப் படித்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இருவர் ஈரக்கையோடு வந்தார்கள், அவர்களுக்காகப் படித்தேன். அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, சத்தமாகப் படி என்று என் வாய்க்கு நேரே நீட்டினார். நான் காகிதத்தை இளம்பரிதியிடம் நீட்டினேன், அந்த முறை அவர் படித்தார்.

இத்தனை பாடுபட்டு எழுதிய அறிக்கை. கடைசிவரை என்னை இரண்டாவது வரிக்குப் போக யாருமே விடவில்லை.